மேசை மேல் உடல், விரல் நுனியில் இரத்தம்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கு சீனியர்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: "அனாடமியை உருப்போடு, பிசியாலஜியைப் புரிஞ்சுக்கோ." விடுதி அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் இந்த வாக்கை என்னால் பாதிக்கு மேல் ஏற்க முடியவில்லை. உடற்கூறியலை உருப்போட்டுப் படித்தவர் தேர்வு முடிந்த சில மாதங்களில் அதைத் தொலைத்துவிடுகிறார். உடலியங்கியலை வாசித்த உடனே புரிந்துவிட்டதாக நம்பியவர், வார்டில் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதுதான் தனக்கு அது புரியவில்லை என்று கண்டுகொள்கிறார். இரண்டும் கேட்கும் உழைப்பு வேறு, மாணவரை ஏமாற்றும் விதம் வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் கடன்பட்ட இடங்களும் நிறைய உண்டு. அந்தக் கடனைத்தான் நம் வகுப்பறைகள் சரியாகக் காட்டுவதில்லை.

2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடற்கூறியலுக்கு 675 மணி நேரமும் உடலியங்கியலுக்கு 495 மணி நேரமும் ஒதுக்கியது. முன்பு முதல் கட்டப் படிப்பு 18 மாதம் ஓடியது. 1997 விதிகளுக்குப் பின் அது ஓராண்டாகச் சுருங்கியது. நேரம் குறைந்தபோதும் உடற்கூறியல் தன் பெரிய பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் டிசெக்‌ஷன் ஹால். தோலை உரித்து, கொழுப்பை விலக்கி, ஒரு நரம்பைத் தேடி எடுப்பதை அவசரப்படுத்தவே முடியாது.

அக்குளைத் திறக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் எல்லாம் ஒரே பழுப்பு. ஃபார்மலினில் ஊறிய கொழுப்புக் கட்டிகளை ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தால்தான் அடியில் கிடக்கும் கயிறுகள் தெரியவரும். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாத நிலையில் விரல்தான் முதலில் கற்றுக்கொள்கிறது. இரு விரலுக்கிடையே வைத்து உருட்டினால் நரம்பு கெட்டியாக உருளும், உள்ளே குழல் இருக்காது. தமனியை அழுத்தினால் தடித்த சுவர் அமுங்கி மறுபடி எழும். சிரை துவண்டு தட்டையாகக் கிடக்கும். இப்படித் தடவித் தடவி அக்குள் தமனியைச் சுற்றிப் பிரியும் நரம்புகளைப் பிரித்து வைத்தால், மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்நார் மூன்றும் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்தைப் போல விரிவது தெரியும். கழுத்தின் ஐந்தாம் நரம்பு வேரிலிருந்து மார்பின் முதல் வேர் வரை ஐந்து வேர்கள், அவை சேர்ந்து மூன்று தண்டுகள், தண்டுகள் பிரிந்து மீண்டும் சேர்ந்து மூன்று வடங்கள் என்று இரவெல்லாம் தாளில் படம் போட்டு உருப்போட்டது அந்தப் பிற்பகலில் கைக்கு வந்துவிடுகிறது.

இதை மனப்பாடம் என்று சொல்வது அநியாயம். மேற்கை எலும்பான ஹியூமரஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பின்புறத்தில் சாய்வாக ஓடும் ஒரு பள்ளம் இருக்கும். ரேடியல் நரம்பு அந்தப் பள்ளத்தில் எலும்பை ஒட்டியே போகிறது. எலும்பு அந்த இடத்தில் முறிந்தால் நரம்பும் அடிபடலாம். அடிபட்டால் மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசைகளுக்கு ஆணை போகாது, கை தொங்கிவிடும். பள்ளம், முறிவு, தொங்கும் கை என்று மூன்று படி. எலும்பை ஒருமுறை திருப்பிப் பார்த்த மாணவருக்கு இந்தத் தர்க்கம் ஆயுளுக்கும் மறக்காது. இடதா வலதா என்று எலும்பின் பக்கம் சொல்லும் பயிற்சியை மட்டும் செய்தவருக்கு அந்தப் பள்ளம் வெறும் பெயர்.

உடலியங்கியல் ஆய்வகத்தில் மேசை மேல் வேறு யாரும் படுத்திருப்பதில்லை. மாணவர் ஸ்பிரிட்டால் துடைத்துத் தன் மோதிர விரலைத் தானே குத்திக்கொள்கிறார். வரும் துளியைப் பிப்பெட்டில் உறிஞ்சி, ஹேயம் திரவத்தில் 200 மடங்கு நீர்க்கச் செய்து, நியூபார் தட்டின் கோட்டுக் கட்டங்களுக்கு மேல் விட்டு, நுண்ணோக்கியில் 80 சிறு கட்டங்களில் கிடக்கும் சிவப்பணுக்களை எண்ணுகிறார். எண்ணியதை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தின் கணக்கு வரும். 450 அணுக்கள் கண்ணில் பட்டால் 45 லட்சம். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுவை எண்ணுவதா விடுவதா? இரண்டு பக்கக் கோடுகளில் இருப்பதை எண்ண வேண்டும், மற்ற இரண்டு பக்கங்களில் இருப்பதை விட வேண்டும். பிப்பெட்டில் கொஞ்சம் காற்று புகுந்தால் கணக்கு கெட்டது. அதே விரலின் இரத்தத்தைப் பக்கத்து நண்பர் எண்ணினால் வேறு எண் வரும். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை முதன்முறையாக, அளவு என்பது பிழையோடு சேர்ந்தே வரும் ஒன்று என்று தன் இரத்தத்தைக் கொண்டே தெரிந்துகொள்கிறது. ஆய்வகத் தானியங்கி ஒரு நிமிடத்தில் அச்சடித்துத் தரும் எண்ணைப் பிற்காலத்தில் எவ்வளவு நம்பலாம் என்ற நிதானம் இங்கே பிறக்கிறது. பழைய முறை, வீண் வேலை என்று இந்தப் பயிற்சியை ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு பாடங்களுக்கும் ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒன்றில் மாணவர் பார்ப்பது இறந்துபோன இன்னொருவரின் உடலை. மற்றதில் பார்ப்பது உயிரோடு இருக்கும் தன் உடலை. ஒரு மனிதர் தன் உடலைக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், அல்லது உரிமை கோர யாருமின்றி இறந்திருக்கிறார். அவர் முன் கத்தியோடு நிற்கும்போது முதலில் வருவது அடக்கம். புதிய பாடத்திட்டத்தில் மாணவர்கள் மேசையைச் சுற்றி நின்று உறுதிமொழி எடுத்த பிறகே தோலைத் தொடுகிறார்கள். அந்த உடலை முதல் ஆசான் என்று சொல்லும் வழக்கமும் பரவியிருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறி உடலை அறுத்தது நம் நாட்டு மருத்துவப் படிப்பின் பெரிய திருப்பம். அன்று தேவைப்பட்டது துணிச்சல். இன்று அந்த மேசையருகே தேவைப்படுவது மரியாதை. இறந்தவரின் குடும்பம் வெளியே எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு ஒரு மாணவருக்கு இருந்தால் போதும், அவர் பேச்சும் நடையும் அந்த அறையில் மாறிவிடும்.

உடலியங்கியல் அப்படிப்பட்ட அடக்கத்தைக் கேட்பதில்லை. அது கேட்பது கூச்சமில்லாத ஆர்வம். நண்பனின் கையில் பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பாதரசம் இறங்க இறங்க எந்த இடத்தில் தட்டும் ஓசை தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன அந்த ஓசைகள்தான் இன்றும் இரத்த அழுத்தத்தின் இலக்கணம். நண்பனைப் படிகளில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால் எண் மாறியிருக்கும். ஐந்து நிமிடம் உட்காரவைத்தால் மறுபடி மாறும்.

'இயல்பு' என்ற கருத்தும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு மேசையில் பால்மாரிஸ் லாங்கஸ் தசை இருக்கும், அடுத்த மேசையில் இருக்காது. ஒருவருக்கு மேற்கைத் தமனி முழங்கை மடிப்பில் பிரியும், இன்னொருவருக்கு அக்குளுக்கு அருகிலேயே பிரிந்திருக்கும். ஆளுக்கு ஆள் மாறுவது அமைப்பு. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை எல்லா மேசைகளுக்கும் போய்ப் பார்த்துவரச் சொல்வார்கள். இயக்கமோ ஒரே ஆளுக்குள் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஒருவரின் நாடித்துடிப்பு எத்தனை என்று கேட்டால், எப்போது, எந்த நிலையில் என்று திருப்பிக் கேட்பவர்தான் பாடத்தைப் படித்தவர். பாடநூல்களின் எண்கள் பெரும்பாலும் 70 கிலோ எடையுள்ள இளம் ஆணின் எண்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை இதயம் இறைக்கிறது என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கைத் திருத்திப் பார்க்கப் பழகவேண்டும். அதை வகுப்பிலேயே செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு.

இரண்டும் எங்கே பிரிந்து நிற்கின்றன, எங்கே ஒன்றையொன்று தேடுகின்றன என்பதைச் சிறுநீரகத்தைப் போல வேறெந்த உறுப்பும் காட்டாது. நீளவாக்கில் பிளந்த சிறுநீரகத்தைக் கையில் வைத்துக்கொண்டால் உடற்கூறியல் சொல்வதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். வெளியே புறணி, உள்ளே கூம்பு கூம்பாக அகணி, கூம்பின் நுனிகள் திறக்கும் கிண்ணங்கள், அவை சேரும் இடுப்புப்பை. உள்நுழை வாயிலில் முன்னால் சிரை, நடுவில் தமனி, பின்னால் சிறுநீர்க் குழாய். இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டியிருப்பதால் வலதைவிட நீளம். இடது விந்தகத்தின் சிரை செங்குத்தாக வந்து அதில்தான் சேர்கிறது. விதைப்பையில் சிரைகள் புடைக்கும் வேரிக்கோசீல் இடப்பக்கமே அதிகம் வருவதற்கான விடையின் பெரும்பகுதி இந்தச் சேர்க்கையில் இருக்கிறது. இதுவரை உடற்கூறியலுக்கு யார் துணையும் வேண்டாம்.

ஆனால் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று அதைப் பிளந்து பார்த்துச் சொல்லவே முடியாது. 1842-இல் லண்டனில் வில்லியம் பௌமான் நுண்ணோக்கியில் பார்த்து, தந்துகி முடிச்சான குளோமருலஸ் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது என்றும், அந்தக் கிண்ணமே நீண்டு குழலாகிறது என்றும் துல்லியமாக வரைந்தார். அமைப்பில் அவர் சொன்னது சரி. வேலையில் அவர் ஊகம் தவறியது. முடிச்சு தண்ணீரை மட்டும் சுரக்கிறது, கழிவுகளைக் குழலின் சுவர்தான் சுரக்கிறது என்று நினைத்தார். அதே 1842-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கார்ல் லுட்விக் அதே முடிச்சை வேறு கண்ணால் பார்த்தார். இங்கே அழுத்தம் இருக்கிறது, ஆகவே வடிகட்டல் நடக்கவேண்டும் என்றார். இருவர் கண்ணெதிரே இருந்ததும் ஒன்றேதான். எது உண்மை என்று தீர 82 ஆண்டுகள் ஆயின. 1924-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் தவளையின் ஒற்றை பௌமான் கிண்ணத்துக்குள் மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, உள்ளே இருந்த துளியை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தத் துளியில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரை இல்லை. அப்படியானால் முதலில் எல்லாம் வடிகட்டப்படுகிறது, பிறகு வேண்டியது திரும்ப எடுக்கப்படுகிறது. லுட்விக்கின் வடிகட்டல் கருத்து நிலைபெற்றது.

ஹென்லி வளைவின் கதை இன்னும் அழகு. ஜெர்மானிய உடற்கூறியலாளர் யாக்கோப் ஹென்லி 1862-இல் அகணிக்குள் கொண்டை ஊசி போலக் கீழே போய்த் திரும்பி மேலே வரும் குழல்களை விவரித்தார். குழல் ஏன் இவ்வளவு தூரம் இறங்கி, வந்த வழியே திரும்புகிறது? உடற்கூறியல் நூல்கள் அதை எண்பது ஆண்டுகள் வரைந்துகொண்டே இருந்தன, காரணம் சொல்லவில்லை. 1942-இல் பாசெல் நகரில் வெர்னர் குன் என்ற வேதியியலாளர், எதிரெதிர்த் திசையில் அருகருகே ஓடும் இரு நீரோட்டங்கள் சிறு வேறுபாட்டைப் படிப்படியாகப் பெருக்க முடியும் என்று காட்டினார். 1951-இல் அவரும் விர்ஸ், ஹார்கிட்டாய் ஆகியோரும் எலியின் சிறுநீரகத்தில் அகணியின் ஆழம் போகப் போக உப்புச் செறிவு ஏறுவதை அளந்தே காட்டிவிட்டார்கள். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவே வெளியே விட்டு, தேவைப்பட்டால் இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான சிறுநீரை உண்டாக்கும் திறமை அந்த வளைவின் வடிவத்தில் இருக்கிறது. வளைவுள்ள சிறுநீரகம் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் மட்டுமே உண்டு. இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்கும் முதுகெலும்பிகளும் அவை மட்டுமே. தவளைக்கு அது முடியாது.

நம் மாணவர்கள் இந்த வளைவை எப்படிப் படிக்கிறார்கள்? வயிற்றுப் பகுதியைப் பிளக்கும் மாதத்தில் சிறுநீரகத்தின் அமைப்பு. உடலியங்கியல் துறை சிறுநீரகத்துக்கு வரும்போது வேறு மாதம். நுண்ணுடற்கூறியல் ஸ்லைடில் அந்தக் குழல்களின் குறுக்குவெட்டைப் பார்த்தது வேறொரு வாரம். மூன்றும் ஒரே பொருள் என்பதைச் சேர்த்து வைக்கும் வேலையைப் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாகச் செய்யவேண்டியிருக்கிறது. செய்கிறவர் சிலர். மற்றவர்கள் எதிரோட்டப் பெருக்கத்தைப் பத்து மதிப்பெண் விடையாக உருப்போட்டுவிடுகிறார்கள். புரிந்து படிக்க வேண்டிய பாடம் என்று பெயர் எடுத்ததையே உருப்போடும் நிலை இப்படித்தான் வருகிறது.

இப்படிப் பிரித்துப் படிப்பதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. பாதுவா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரீசியஸ் சிரைகளுக்குள் சிறு கதவுகள் இருப்பதை 1603-இல் நூலாகவே வெளியிட்டார். இரத்தம் கை கால்களில் மொத்தமாகத் தேங்கிவிடாமல் அவை தடுக்கின்றன என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி அதே கதவுகளைப் பார்த்து, இவை ஒரே திசையில்தானே திறக்கின்றன என்று கேட்டார். 1628-இல் வெளியான அவர் நூலில் இதற்கான சோதனை படத்தோடு இருக்கிறது. அதை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். முன்கைச் சிரைகள் புடைக்கும், இடையிடையே முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகளே வால்வுகள். ஒரு சிரையின் மேல் மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். இடைப்பட்ட சிரை வற்றியே கிடக்கும், மேலிருந்து ஒரு துளி இறங்காது. கீழ் விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும். முடிந்ததும் துணியை அவிழ்த்துவிடுங்கள். ஃபாப்ரீசியஸ் அமைப்பைக் கண்டார், ஹார்வி அதனிடம் கேள்வி கேட்டார். கடன் திரும்பியதும் உண்டு. இரத்தம் சுற்றுகிறது என்றால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது? ஹார்வியால் அதைக் காட்ட முடியவில்லை. அவர் 1657-இல் இறந்தார். 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கியில் கண்டார். இயக்கம் ஒரு அமைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தது, உடற்கூறியல் அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே காலம் ஓடுவதைக் கவனியுங்கள். கணையத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் செல்களை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் தன் ஆய்வேட்டில் விவரித்தபோது அவர் 21 வயது மாணவர். அவை எதற்கென்று அவர் சொல்லவில்லை. 1889-இல் கணையத்தை எடுத்த நாய்க்கு நீரிழிவு வந்தது. இன்சுலின் கைக்குக் கிடைத்தது 1921-இல். கண்டதை நேர்மையாகக் கண்டபடியே வரைந்து வைத்த ஒரு மாணவரின் உழைப்பு அரை நூற்றாண்டு கழித்துக் கோடிக்கணக்கானவர்களின் உயிரைக் காத்தது. உடற்கூறியல் பழைய பாடம், அதில் கண்டுபிடிக்க இனி என்ன இருக்கிறது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வேன்.

நூல்களிலும் இந்த இரண்டு மனப்போக்குகள் தெரியும். 1858-இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூலின் பலம் அதன் படங்கள். அவற்றை வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார். கண் படத்துக்கும் ஓரத்துக் குறிப்புக்கும் இடையே அலைய வேண்டியதில்லை. ஹென்றி கிரே 1861-இல் அம்மை கண்டு 34 வயதில் போய்விட்டார். கார்ட்டர் நூல் வந்த ஆண்டே பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டுக்குமே பேராசிரியரானார். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே நாற்காலி. ஆர்தர் கைட்டனின் உடலியங்கியல் நூல் 1956-இல் வந்தது. அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர் போலியோவால் தாக்கப்பட்டு அந்த வழியை விட வேண்டியதாயிற்று. முதல் எட்டுப் பதிப்புகளையும் அவர் ஒருவராகவே எழுதினார். கைட்டனின் பக்கங்களில் படத்தைவிட வரைகோடுகளும் அம்புக்குறிகளும் அதிகம். அழுத்தம் குறைந்தால் எது ஏறும், அது ஏறினால் எது இறங்கும் என்று காரணச் சங்கிலி போகும். கிரேயை எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் படிக்கலாம். கைட்டனில் முந்தைய பத்தியை விட்டுவிட்டால் இந்தப் பத்தி கைவிட்டுப் போகும்.

இங்கே தமிழ்வழியில் பள்ளி முடித்து வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களில் பலருக்கு ஆங்கிலப் பாடநூல் முதல் மலை. அவர்கள் உடற்கூறியலில் சீக்கிரம் தலை நிமிர்கிறார்கள். பெயர் லத்தீனாக இருந்தாலும் அதைச் சுட்டிக்காட்ட ஒரு பொருள் மேசையில் இருக்கிறது. விரல் வைத்துப் பேர் சொன்னால் போதும். உடலியங்கியலில் அந்த வசதி இல்லை. 'ஆகையால்', 'இருந்தபோதிலும்', 'அப்படி இல்லாதபோது' என்று நீளும் ஆங்கில வாக்கியங்களுக்குள்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. வகுப்பில் அதே காரணச் சங்கிலியை ஒருமுறை தமிழில் சொல்லிக்காட்டினால் முகம் தெளிவதைப் பார்க்கலாம். தமிழுக்கு இது புதிய வேலையும் அல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் 'மனுஷ சுகரணம்' 1883-இலும் அச்சேறின. அமைப்பு நூல் முந்தியும் இயக்க நூல் பிந்தியும் வந்தன. பெயர்களுக்குச் சொல் கண்டுபிடிப்பதைவிடக் காரணங்களுக்கு நடை கண்டுபிடிப்பது கடினம் என்பது எழுதிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

செய்முறை விஷயத்தில் என் கவலை உடலியங்கியல் பக்கமே சாய்கிறது. உடல் தானம் செய்வோர் இருக்கும்வரை டிசெக்‌ஷன் ஹால் தன் தன்மையை இழக்காது. உடலியங்கியல் ஆய்வகத்திலோ புகைபிடித்த காகிதம் சுற்றிய உருளையில் தவளைத் தசையின் சுருக்கத்தை எழுதவைத்த காலம் முடிந்து, அதே வரைகோடு இப்போது கணினித் திரையில் ஓடுகிறது. தவளைகளை விட்டுவிட்டது சரியான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திரையில் ஓடும் கோடு ஒருநாளும் தவறாது. அழுக்கு, நடுக்கம், காய்ந்துபோன நரம்பு, வராத சுருக்கம் எதுவும் அதில் கிடையாது. எதிர்பார்த்த விடை வராதபோது என்ன செய்வது என்பதைக் கற்கும் இடம் போய்விட்டது. அதை ஈடுகட்ட மாணவர்கள் தங்கள் உடலையே இன்னும் கூடுதலாக அளக்க வேண்டும். ஈசிஜி, ஸ்பைரோமீட்டர், படுத்து எழும்போது மாறும் இரத்த அழுத்தம் எல்லாம் விலையில்லாமல் அறையிலேயே இருக்கின்றன.

அந்தக் கடைசிச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் இறங்குகிறது. ஆனாலும் அவர் மயங்கி விழுவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சிறு வீக்கமாக இருக்கும் கரோட்டிட் சைனஸ் அழுத்தம் குறைவதை உணர்ந்து, ஒன்பதாம் மூளை நரம்பு வழியே செய்தி அனுப்புகிறது, இதயம் வேகமெடுக்கிறது, நாளங்கள் இறுகுகின்றன. உடலியங்கியல் வாய்மொழித் தேர்வில் இதைச் சரளமாகச் சொல்லும் மாணவரிடம், அந்த வீக்கம் உங்கள் கழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பல நேரம் கை மேலும் கீழும் தடுமாறும். தைராய்டு குருத்தெலும்பின் மேல் விளிம்பு மட்டம் என்று அவரே உடற்கூறியல் ஸ்பாட்டர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார். மணி அடித்ததும் அடுத்த ஸ்பாட்டருக்கு நகர்ந்துவிட்ட அந்த அறிவு, இன்னொரு துறையின் மேசைக்கு அவரோடு வந்து சேரவில்லை.

எல்லா உறுப்புக்கும் ஒரே வரிசை சரிப்படாது. கை, கால், முகம் போன்றவற்றுக்கு அமைப்பு முதலில் வரவேண்டும். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாலே அது என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும். சிறுநீரகம், கணையம், அட்ரினல் போன்றவை பார்த்தால் எதையும் சொல்லாதவை. அட்ரினலின் வெளிப்பகுதியும் உள்பகுதியும் ஒரே உறைக்குள் இருக்கும் வேறு வேறு சுரப்பிகள் என்பதைக் கண்ணால் யாரும் ஊகிக்க முடியாது. இவற்றுக்கு இயக்கத்தின் கேள்வி முதலில் எழட்டும், அதன் பிறகு உறுப்பைக் கையில் கொடுக்கட்டும். அகணிக் கூம்பை அப்போது பார்க்கும் பிள்ளை அதில் ஹென்லி வளைவைத் தேடும். இதற்குப் புதுக் கட்டடமோ புதுக் கருவியோ வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் இரு துறைத் தலைவர்களும் ஒரு பிற்பகல் உட்கார்ந்து கால அட்டவணைகளை அருகருகே விரித்து, சிறுநீரகம் இரண்டிலும் ஒரே வாரத்தில் வருமாறு கட்டங்களை மாற்றிப் போட்டால் போதும். கழுத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதே போல ஒரு வாரம் ஒதுக்கலாம்.